விலாவரிக் கட்லெட்

திண்டிவனத்து ஜனங்கள் கறி வாங்குகிற அழகைப் பார்க்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை காலையில் காதர் பாட்சாவின் கறிக்கடை முன்னால் போய் நிற்க வேண்டும். தொங்குகிற ஆடு என்ன குற்றம் செய்ததோ தெரியாது, விசாரணை மட்டும் செஷன்ஸ் கோர்ட்டைத் தோற்கடிக்கும். வெள்ளாடா, செம்மறியா? எங்கே மேய்ந்தது? வாலைக் காட்டு. எலும்பை ஏன் இத்தனை போட்டாய்? ஜவ்வை எடுத்துப் போடு. தொடைக்கறி கேட்டவர் நெஞ்செலும்பு விழுந்தால் சண்டைக்கு வருவார். நெஞ்செலும்பு கேட்டவர் தொடைக்கறி விழுந்தால் சண்டைக்கு வருவார். ஈரலில் ஒரு துண்டு கொசுறு போடவில்லையென்றால் இருவரும் சேர்ந்து சண்டைக்கு வருவார்கள். காதர் பாட்சா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வெட்டுவார். அவர் பொறுமைக்காகவே அவரைச் சொர்க்கத்தில் சேர்க்கலாம்.

அதே ஜனங்கள் அன்று சாயங்காலம் மதராஸ் ரோட்டில் இருந்த விருத்தாசலத்தின் மிலிட்டரி ஓட்டலில் கால் வைத்ததும் பச்சைக் குழந்தைகளாகிவிடுவார்கள். முன்னால் ஒரு கட்லெட் வந்து உட்காரும். கருஞ்சிவப்பாக, மொறுமொறுவென்று, மேலே வரிவரியாக. அது எந்த ஆடு, ஆட்டில் எந்த இடம், அது ஆடுதானா என்று ஒரு பிராணி கேட்காது. காலையில் வாலைக் காட்டச் சொன்ன வாய் சாயங்காலம் ஆவென்று திறந்துகொள்ளும், அவ்வளவுதான்.

விருத்தாசலம் கல்லாவில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொள்வான். வெளியே தெரியாத சிரிப்பு. உள்ளே போய் மனைவி கெங்கம்மாளிடம்தான் கொட்டுவான்.

"இவனுங்களுக்குக் கறி வாணாம் கெங்கா. கறின்னு ஒருத்தன் சொன்னா போதும்."

"மெதுவா பேசுய்யா. உன் வாயாலதான் ஒரு நாளைக்கு நாம நடுத்தெருவுல நிக்கப் போறோம்" என்பாள் அவள், அம்மிக் குழவியை நிறுத்தாமலே.

விருத்தாசலம் கோலியனூர்க்காரன். இளவட்டமாக இருந்தபோது விழுப்புரம் ஜங்சனில் அசைவச் சாப்பாட்டு அறையில் வேலை பார்த்தான். முதல் வகுப்புப் பிரயாணிகள் இறங்கி வந்து, துடைத்த முள்கரண்டியும் கத்தியுமாக உட்காருவார்கள். ரோஸ்ட்டை ஆயிரம் குற்றம் சொல்லுவார்கள். குழம்பில் காரம் என்பார்கள். கட்லெட் வந்தால் மட்டும் ஒரு குற்றமும் கிடையாது, சமையல்காரனைக் கூப்பிட்டுப் பாராட்டுவார்கள். அந்தக் கட்லெட்டில் என்ன இருந்தது என்பது விருத்தாசலத்துக்குத் தெரியும். முந்தின நாள் ரோஸ்ட்டில் மிஞ்சியது, குழம்பில் மிஞ்சியது, எலும்பிலிருந்து சுரண்டியது, ரொட்டி ஓரம். திட்டு வாங்கிய அதே கறி மறுநாள் வேறு உருவத்தில் வந்து பாராட்டு வாங்கிக்கொண்டு போனது. உருண்டை பிடித்துத் தட்டிவிட்டால் மனிதனுக்கு மறதி வந்துவிடுகிறது என்று அங்கேதான் அவன் கண்டுகொண்டான்.

அப்புறம் அவன் திண்டிவனத்தில் ஓட்டல் வைத்த சமயம், பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அவர்கள் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. கட்டிலும் கண்ணாடியும் வாங்க வசதியில்லாத விருத்தாசலம் ஒரு தகரத் தட்டு வாங்கி வந்தான். தட்டில் வரிசையாகக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு முனையிலிருந்து விரிந்து போகிற வரிகள். கேக்கு சுடுகிற தட்டு என்று ஏலக்காரன் சொன்னான். பொம்மையார்பாளையத்திலிருந்து மீன் கொண்டு வரும் சவுரியம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணே, கிளிஞ்ச மாரியே கீது!" என்றாள். கடற்கரையில் பிறந்தவளுக்குக் கிளிஞ்சல் தெரியாதா? அது கிளிஞ்சல் அச்சுதான். ஆனால் அவள் பேச்சை யார் கேட்டார்கள்?

அந்த அச்சில் அழுத்தி எடுத்துப் பொரித்த முதல் கட்லெட் தேவநாதன் தட்டுக்குத்தான் போயிற்று. போகாமல் இருக்க முடியாது. ஓட்டல் கட்டடம் அவருடையது. பின்கட்டில் விருத்தாசலம் குடும்பம் குடியிருந்த அறையும் அவருடையது. ஊரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை ஆட்டுகிற எண்ணெய் மில் அவருடையது. பெருமாள் கோயில் தர்மகர்த்தாவும் அவரே. இவ்வளவும் போதாதென்று கறியைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு ஆட்டுக்கே தெரியாது என்பது அவருடைய எண்ணம். ஒரு வாய் வைத்தால் போதுமாம், ஆடு கோலியனூர் ஏரிக்கரையில் மேய்ந்ததா பெருமுக்கல் மலையில் மேய்ந்ததா என்று சொல்லிவிடுவாராம்.

அவர் கட்லெட்டைத் திருப்பிப் பார்த்தார். அந்த வரிகளை விரலால் தடவினார்.

"அடடே! விலா எலும்பு வரி அப்பிடியே தெரியுது பாருங்கய்யா! இதாண்டா கறி!"

அவ்வளவுதான். ஓட்டலே எட்டிப் பார்த்தது. எல்லாருக்கும் விலா எலும்பு தெரிந்தது. எலும்பின் வரி இருந்தால் எலும்பு எங்கே என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அன்றிலிருந்து அதற்கு விலாவரிக் கட்லெட் என்று பெயர். கேக்குத் தட்டு என்று சொல்ல விருத்தாசலம் வாயெடுத்தான். கெங்கம்மாள் உள்ளிருந்து முறைத்தாள். வாயை மூடிக்கொண்டான்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். முதல் சில வருஷங்கள் அது கறிதான். காதர் பாட்சாவின் கடையில் யாரும் தொடாத ஓரக்கறி, ஜவ்வு, கழுத்துப் பக்கம், எல்லாவற்றையும் வாங்கி வந்து கெங்கம்மாள் கொத்தி அரைப்பாள். அப்புறம் மழை பொய்த்த காலம் வந்தது. அரிசிக்கு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். ஆட்டின் விலை ஆட்டைவிட உயரமாக வளர்ந்தது. ஓட்டலை மூடிவிடலாமா என்று விருத்தாசலம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது கெங்கம்மாள்தான் ஒரு வழி சொன்னாள்.

"நம்ம மொதலாளி மில்லுல மல்லாட்டைப் பிண்ணாக்கு மலையாட்டம் குவிஞ்சி கெடக்குது. மாடு துன்னுது. சின்ன வயசுல நாமளுந்தான் துன்னோம். செத்தா போயிட்டோம்?"

கொஞ்சமாகக் கலந்தார்கள். நிறம் வெளுத்ததால் கேப்பை மாவு சேர்த்தார்கள். சோம்பு, பட்டை, கிராம்பு, பூண்டு எல்லாம் தாராளம். விருத்தாசலம் முதல் நாள் கல்லாவில் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தான். வந்தவர்கள், "இன்னிக்கு எளங்குட்டியாய்யா? பஞ்சு மாரி கீது!" என்றார்கள். மறு மாதம் இன்னும் கொஞ்சம் கலந்தான். பெயர் இன்னும் உயர்ந்தது. கறி இறங்க இறங்கப் பாராட்டு ஏறிக்கொண்டே போனது. கறி வாசனை என்று ஊர் நம்பிக்கொண்டிருந்தது சோம்பும் பட்டையும் என்பதை விருத்தாசலம் அறிந்துகொண்டான்.

சித்திரை மாதத்தில் காதர் பாட்சா மச்சான் கல்யாணத்துக்காகக் கடையைச் சாத்திக்கொண்டு கோட்டக்குப்பம் போய்விட்டார். அந்த வாரம் கறியே கிடையாது. வேறு வழியில்லாமல் வெறும் பிண்ணாக்கிலேயே கட்லெட் தட்டினார்கள். தேவநாதன் வந்தார், ஒரு வாய் வைத்தார், கண்ணை மூடிக்கொண்டார்.

"பெருமுக்கல் ஆடு. மலையேறி மேஞ்ச ஆடு. இத்தினி வருசத்துல இன்னிக்குத்தாண்டா சரியான கறி போட்டிருக்கே."

தன்னுடைய மில்லின் பிண்ணாக்கை, தன்னுடைய மாடுகள் தின்கிற பிண்ணாக்கை, காசு கொடுத்துத் தின்றுவிட்டு அந்த மனுஷன் ஏப்பம் விட்டுக்கொண்டு போனார். விருத்தாசலம் பின்கட்டுக்கு ஓடிப்போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்ததும் பயம் வந்தது. என்றைக்காவது இது வெளியே தெரிந்தால் ஊர் உதைக்கும். அதற்கு முன்னால் தேவநாதன் தட்டுமுட்டுச் சாமானோடு அவனை மதராஸ் ரோட்டில் வீசுவார். கடை போனால் வீடும் போயிற்று. இந்த ஓட்டலைத் தவிர அவர்களுக்கு இந்த உலகத்தில் வேறு ஒன்றும் கிடையாது.

ஆனாலும் அதற்கப்புறம் ஒரு துண்டு கறி அவன் வாங்கவில்லை. ஓட்டலில் மற்றதெல்லாம் மீனும் முட்டையும்தான். காதர் பாட்சா ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டார்.

"ஏம்பா, எங்கிட்ட நீ கறி எடுத்து எத்தினியோ மாசமாவுது. கட்லெட் மட்டும் எப்பிடிப்பா போய்க்கினே கீது?"

"அது... ஒரு ரூட்டு கீது பாய்" என்று மழுப்பினான் விருத்தாசலம். பாய் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்லா இருந்தா சரி" என்று சொல்லிக் கத்தியைத் தீட்டப் போய்விட்டார்.

ஜனங்கள் ஏன் அதை அப்படி விழுந்து விழுந்து வாங்கினார்கள்? ருசி என்று அவர்கள் சொல்லுவார்கள், நம்பாதீர்கள். காரணங்கள் வேறு. பந்தியில் கறிக்குழம்பு ஊற்றினால் யாருக்கு எந்தத் துண்டு விழுந்தது என்பதில் வெட்டுக்குத்தே நடக்கும். சம்பந்திக்கு எலும்பும் சாமானியனுக்குச் சதையும் விழுந்தால் உறவே முறியும். கட்லெட்டில் அந்த வம்பு இல்லை, எல்லாம் ஒரே அச்சு. பல் போன மிராசுதார்கள் பல் இருக்கிற மாதிரி நடிக்க அது வசதி. கையில் எலும்பைப் பிடித்து உறிஞ்சுவது கௌரவக் குறைவு என்று புதிதாகக் கண்டுபிடித்திருந்த குமாஸ்தாக்களுக்கு அது முள்ளால் குத்தித் தின்கிற பண்டம். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. அதைப் பார்த்தால் ஆட்டின் ஞாபகம் வராது. கண் இல்லை, கால் இல்லை, ரத்தம் இல்லை. பாவம் ஒட்டாத கறி! வரியைப் பார்த்தால் கறி, வடிவத்தைப் பார்த்தால் வடை. வேண்டியபோது வேண்டியதாக வைத்துக்கொள்ளலாம்.

இந்த வசதிதான் புரட்டாசியில் வினையாக முடிந்தது.

புரட்டாசி வந்தால் திண்டிவனத்தில் பாதி ஊர் கவுச்சியை விட்டுவிடும். விருத்தாசலத்தின் ஓட்டலில் பூனைதான் படுத்திருக்கும். தேவநாதன் துளசிமணி போட்டுக்கொண்டு, நெற்றி நிறைய நாமம் இட்டுக்கொண்டு, சனிக்கிழமைகளில் நாமம் பூசிய பித்தளைச் செம்பைத் தூக்கிக்கொண்டு, "கோவிந்தா!" என்று வீடு வீடாக அரிசி வாங்கப் போவார். வேண்டுதல் அப்படி. பணக்காரரானாலும் பெருமாளுக்குப் பிச்சைதான் எடுக்க வேண்டும். கடைசிச் சனிக்கிழமை கருடசேவையில் அவருக்குத்தான் முதல் பரிவட்டம். அந்தப் பரிவட்டத்தின் மேல் ஜவுளிக்கடை சீனுவாசனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

மூன்றாவது சனிக்கிழமை தேவநாதன் கோவிந்தா போட்டுக்கொண்டே ஓட்டலின் பின்வாசலுக்கு வந்தார். கெங்கம்மாள் அரிசி போட வெளியே வந்தாள்.

"அரிசி கெடக்கட்டும்" என்றார் அவர் மெதுவாக. "அந்த விலாவரி ரெண்டு இருந்தா எலையில சுத்திக் குடு. அதுல எலும்பா கீது? ஒண்ணும் பெரிய தோசமில்ல."

கொடுத்தாள். செம்புக்குள் வைத்து மேலே அரிசியைப் பரப்பிக்கொண்டு கிளம்பினார். அடுத்த தெரு சீனுவாசன் வீடு. வீட்டுக்குள் நுழைந்து அவர் கோவிந்தா சொல்லும்போதே சோம்பும் பட்டையும் அவருக்கு முன்னால் போய் நின்றுவிட்டன. சீனுவாசனும் அந்தக் கட்லெட்டுக்கு அடிமைதான், மூக்குக்குத் தெரியாமல் போகுமா? அரிசி போடுகிற சாக்கில் கையைச் செம்புக்குள் விட்டார். வெளியே வந்த கையில் எண்ணெய் கசிந்த இலைப் பொட்டலம்.

"பெருமாள் செம்புல கறிடோய்!" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

அன்று சாயங்காலமே கோயில் மண்டபத்தில் கூட்டம். பட்டாச்சாரியார் நடுவில் உட்கார்ந்தார். பொட்டலம் ஒரு தட்டில் அவருக்கு எட்டாத தூரத்தில் வைக்கப்பட்டிருந்தது. தேவநாதன் முகம் செத்துப்போயிருந்தது. அவருக்கு வேறு ஒன்றும் தோன்றாமல், "அதுல கறியே இல்லிங்க. வேணும்னா செஞ்சவனையே கேளுங்க" என்று சொல்லிவிட்டு விருத்தாசலத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை சொன்னது விருத்தாசலத்துக்குத் தெளிவாகப் புரிந்தது. என் பரிவட்டம் போனால் உன் கடை போச்சு.

விருத்தாசலம் தூணோரமாக நின்றான். கறி என்றால் கடை போகிறது. கறியில்லை என்றால், அப்போ இத்தனை நாள் எங்களுக்கு என்னத்தடா போட்டே என்று ஊர் கேட்கும், அப்போதும் கடை போகிறது. எந்தப் பக்கம் போனாலும் தெரு. கூட்டத்தில் கெங்கம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தான்.

"ஏன்டாப்பா" என்றார் பட்டாச்சாரியார், "அதிலே மாம்சம் உண்டா இல்லியா? அதை மட்டும் சொல்லு."

எப்படியும் அடி விழப்போகிறது, உண்மையைச் சொல்லியாவது வாங்கிக்கொள்வோம் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

"இல்லிங்க சாமி. ஒரு துளி கறி இல்லிங்க."

"பின்ன இன்னாதான்யா கீது?" என்று பாய்ந்தார் சீனுவாசன்.

"பிண்ணாக்குங்க. மல்லாட்டைப் பிண்ணாக்கு. மொதலாளி மில்லுதுதான். கொஞ்சம் கேப்பை மாவு, சோம்பு, பட்டை, பூண்டு. அவ்ளோதாங்க."

விருத்தாசலம் கண்ணை மூடிக்கொண்டு முதல் அடிக்காகக் காத்திருந்தான். அடி விழவில்லை. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தான். பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். மண்டபம் முழுக்கச் சிரித்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் எல்லாரும் அவனை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பிண்ணாக்காம்யா! எப்பிடிச் சமாளிக்கறான் பாரு! மொதலாளியக் காப்பாத்திட்டான்!"

சீனுவாசன் முகம் சிவந்துபோயிற்று.

"யாருகிட்ட காது குத்தறே? ஆவணி மாசம் வரிக்கும் நானே துன்னுருக்கேன். கறி எனக்குத் தெரியாதா? நாரு நாரா பிய்யுது! விலா எலும்பு வரி கண்ணுக்குத் தெரியுது!"

"அது கேக்குத் தட்டுங்க" என்றான் விருத்தாசலம் பரிதாபமாக. "பாண்டிச்சேரி ஏலத்துல எடுத்தது. கிளிஞ்ச அச்சுங்க."

மறுபடி சிரிப்பு. கிளிஞ்சலாம்! ஆளுக்கு வாய் எவ்வளவு வளம் பாரு!

சீனுவாசன் விடவில்லை. காதர் பாட்சாவைக் கூப்பிட்டு அனுப்பினார். பாய் கோயில் மதிலுக்கு வெளியே வந்து நின்று, கேட்டதற்குப் பதில் சொன்னார்.

"உள்ளதச் சொல்றேங்க. சித்திரையிலேர்ந்து இவரு எங்கிட்ட ஒரு துண்டு கறி எடுக்கலீங்க. இந்தூர்ல வேற கறிக்கடையும் கெடையாது."

"பாத்தீங்களா! அப்போ விழுப்புரம் ஜங்சன்லேர்ந்து பாசஞ்சர்ல வருது!" என்றது கூட்டத்தில் ஒரு குரல். "அதான் அந்த டேஸ்ட்டு! பழைய ஆளுங்க தொடர்பு உடலியே!" என்றது இன்னொன்று. ஊருக்கே அந்த விளக்கம் பிடித்துப்போயிற்று. உள்ளூர் ஆடு இல்லை, ஜங்சன் கறி! போன மாதம் வரை தாங்கள் தின்றது ரயிலேறி வந்த கறி என்று ஒவ்வொருவனுக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமை.

பட்டாச்சாரியார் கையை உயர்த்தினார். பாவம், அந்தக் கூட்டத்திலேயே கட்லெட் தின்னாத ஒரே ஆள் அவர்தான். அதனால் அவருக்கு மட்டும் புத்தி தெளிவாக இருந்தது.

"பண்ணினவன் இல்லேங்கறான். ஆடு வெட்டறவரும் இல்லேங்கறார். மத்தவாள்லாம் உண்டுங்கறேள். சரி, தேவநாதன் செம்பிலே இருந்த இந்தப் பதார்த்தத்தைப் புரட்டாசியிலே வேற யார் யார் சாப்பிட்டேள்? அவா எழுந்து வந்து சாட்சி சொல்லட்டும்."

மண்டபத்தில் தலைகள் வரிசையாகக் குனிந்தன. சீனுவாசன் தலைகூடக் கொஞ்சம் குனிந்த மாதிரித்தான் இருந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வழக்கு தள்ளுபடியாயிற்று.

வெளியே வந்ததும் தேவநாதன் விருத்தாசலத்தை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

"பொய் சொல்றதுக்கு உன்ன மாதிரி ஆளு இந்த ஜில்லாவுலயே கெடையாதுய்யா! பிண்ணாக்குன்னியே! அதுவும் என் மில்லு பிண்ணாக்குன்னு! நான் உயிரோட இருக்கற வரிக்கும் இந்தக் கடைய உங்கிட்டேர்ந்து ஒருத்தன் புடுங்க முடியாது."

விருத்தாசலம் பேந்தப் பேந்த விழித்தான். ஊரறிய அவன் சொன்ன முதல் உண்மை அது. அதற்குக் கிடைத்த பெயர் மகா பொய்யன்.

அன்றிலிருந்து புரட்டாசியிலும் பூனைக்கு இடமில்லை. துளசிமணி போட்டவர்கள் எல்லாம் முன்வாசல் வழியாகவே வந்தார்கள். கோயிலில் தீர்ப்பானது அல்லவா? சைவம்! "அந்தப் பிண்ணாக்கு ரெண்டு குடுய்யா" என்று கண்ணடித்துக் கேட்டுவிட்டு, ஜங்சன் கறியைத் தின்கிற ஆனந்தத்தோடு தின்றார்கள். பெருமாளுக்கு அது பிண்ணாக்கு, நாக்குக்கு அது கறி. சீனுவாசன் வீட்டுக்கு மட்டும் பின்வாசல் வழியாகத் தூக்குப் பாத்திரத்தில் போயிற்று.

விருத்தாசலம் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. உண்மையைச் சொன்னவனை முதுகில் தட்டிப் பொய்யன் என்கிறார்கள். அது அவனை அரித்தது. நானும் ஜங்சனில் சமைத்தவன்தானே, கறியைத் தொட்டு எத்தனை நாளாயிற்று? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நல்ல கறி போட்டு இவர்கள் வாயால் நல்லது என்று கேட்க வேண்டும். ஐப்பசி பிறந்து தீபாவளி வந்தது. காதர் பாட்சாவின் கடையில் கையில் இருந்ததையெல்லாம் போட்டுத் தொடைக்கறி வாங்கிவந்தான். பாய் ஆச்சரியத்தோடு வெட்டிக் கொடுத்தார், ஈரலும் கொசுறு போட்டார்.

"இன்னாத்துக்குய்யா இந்தப் பேஜாரு?" என்றாள் கெங்கம்மாள். "நல்லாத்தானே போய்க்கினு கீது?"

"நீ அரைமே. இன்னிக்காவது என் கைய இவனுங்க பாக்கட்டும்."

அதே மசாலா, அதே அச்சு, அதே வரி. உள்ளே மட்டும் கறி. எண்ணெய்க் குளியல் முடிந்து, விரதமெல்லாம் விட்டுத் தேவநாதன் கூட்டத்தோடு வந்து உட்கார்ந்தார். பக்கத்து மேஜையில் சீனுவாசனே உட்கார்ந்திருந்தார், இப்போது முன்வாசல் வழியாகவே. விருத்தாசலம் தானே எடுத்துக்கொண்டு போய் வைத்தான். கல்லாவுக்குத் திரும்பிப் போகாமல் அங்கேயே நின்றான்.

தேவநாதன் ஒரு வாய் வைத்தார். மென்றார். மறுபடி மென்றார். முகம் கோணிற்று. வாயிலிருந்ததை எடுத்துத் தட்டோரம் வைத்தார்.

"இன்னாய்யா இது?"

"கறிங்க மொதலாளி. தொடைக்கறி. பாய் கடையில காலையில நானே நின்னு வெட்டியாந்தேன்."

"அம்பது வருசமா துன்றேன், கறி எனக்குத் தெரியாதா? சவுக்கு சவுக்குன்னு இழுக்குது. ஒரு மாதிரி மொச்சை வாடை அடிக்குது." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "உண்மையச் சொல்லு. பிண்ணாக்கு கலந்துட்டியா?"

ஓட்டல் முழுக்கத் தட்டுகள் நகர்ந்தன. "எனக்கும் அப்பவே தோணுச்சி" என்றார் சீனுவாசன். பரிவட்டப் பகையை மறந்து தேவநாதனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மற்றவர்களும் ஆட்டினார்கள். நல்ல நாளும் அதுவுமாகக் கறிக்குப் பதிலாக என்னத்தையோ போட்டு ஏமாற்றுகிறானே என்று ஆளாளுக்குத் திட்டினார்கள்.

தேவநாதன் எழுந்து கை கழுவிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "புரட்டாசியில எனக்கு ஒத்தாசை பண்ணே, மறக்கல. அதுக்காவ நாக்க அடமானம் வெக்க முடியாது. நாளைக்குப் பழைய கறி வரணும். இல்லாட்டி கடையக் காலி பண்ணு."

எல்லாரும் போனபிறகு தட்டு நிறையக் கட்லெட் அப்படியே கிடந்தது. விருத்தாசலம் நாற்காலியில் சரிந்தான். கண் கலங்கியது, கோபமும் வந்தது. முட்டாள் பசங்க, கறி என்றால் என்னவென்று தெரியாத பசங்க என்று வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினான். திட்டிக்கொண்டே ஒரு கட்லெட்டை எடுத்து ஆத்திரத்தோடு கடித்தான். மென்றான். திட்டு நின்றுபோயிற்று. மெல்லுவதும் மெல்ல மெல்ல நின்றது.

கெங்கம்மாள் அடுப்படி வாசலில் நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கெங்கா" என்றான் அவன், விழுங்க முடியாமல். "நேத்து தட்டுனது ஏதாச்சும் மிச்சம் கீதா?"

அவள் உள்ளே போய், மூடிவைத்திருந்த பிண்ணாக்குக் கட்லெட் ஒன்றைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அவன் அதைக் கடித்தான், கண்ணை மூடிக்கொண்டான். அதுதான் கறியாக இருந்தது.

அவள் சாக்கை எடுத்துக்கொண்டு மில்லுக்குக் கிளம்பினாள்.